புகை இருக்கட்டும் பாஸ்!

எங்க கார் அதோட வாழ்க்கையிலேயே சூப்பரா ஓடினது எப்போ தெரியுமா? சாகறதுக்கு முந்தின ரெண்டு நிமிஷம்!

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். கோயமுத்தூர்ல எங்க காலேஜ் கிரவுண்ட். கையில ரிமோட். எதிரே நைட்ரோவில் ஓடும் குட்டி பக்கி கார். த்ராட்டிலை அழுத்தினா விர்ர்ர்ர்னு ஒரு சத்தம்... அந்த மாதிரி ஒரு சத்தத்தை அதுவரைக்கும் அது போட்டதே இல்லை. கபடி பிராக்டீஸ் பண்ணிட்டிருந்தவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. "மச்சி, ராக்கெட்டுடா!"ன்னு ஒருத்தன் கத்தினான். எனக்கு அப்படியே காலர் தூக்கிக்கொள்ளத் தோன்றியது.

த்ராட்டிலை விட்டேன். கார் நின்றது. ஆனால் என்ஜின் சத்தம் இறங்கவில்லை. ஒரு அஞ்சு விநாடி 'ஞீஈஈ'ன்னு மேலேயே நின்றுவிட்டு அப்புறமா மெதுவாக இறங்கியது. 'என்ன ஒரு ஸ்பீடு, அடங்கவே மாட்டேங்குதே'ன்னு சிரித்துக்கொண்டோம். அது சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்பது அப்போது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்த ரவுண்டில் பாதி கிரவுண்டு தாண்டியதும் 'கீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கம்ப்ளீட் சைலன்ஸ்.

ஆற வைத்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்தோம். வழவழன்னு சுத்துச்சு. அப்படிச் சுத்தவே கூடாது!

மூணு பேர் காசு, மூணரை சிசி

கார் வந்த கதையைச் சொல்லிடறேன். பாஸ் அவுட் ஆன சீனியர் ஒருத்தர் கிட்டேயிருந்து ரூம்மேட்ஸ் மூணு பேர் காசு போட்டு வாங்கினது. செகண்ட் ஹேண்ட். நிஜ காரின் எட்டில் ஒரு பங்கு சைஸ், வெயிட் மூணரை கிலோ. என்ஜின் 3.5 சிசி. சிலிண்டரின் விட்டம் 16 மில்லிமீட்டர் சொச்சம்தான். சுண்டு விரலை விட்டால் ஏறக்குறைய ஃபிட்டா இருக்கும்.

ஆனால் இந்தச் சுண்டு விரல் சைஸ் என்ஜின் போடுற ஆட்டம் இருக்கே... நிமிஷத்துக்கு 30,000 சுற்று தாண்டும்! நம்ம 100 சிசி பைக்கில் அதிகபட்ச பவர் கிடைப்பதே 8,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் ஆர்.சி. கார் என்றால் பெரும்பாலும் பேட்டரி கார்தான். பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி என்று சார்ஜ் போட்டோமா, ஓட்டினோமா என்று இருக்கலாம். ஸ்பீடிலும் அது குறைச்சல் இல்லை. அப்புறம் எதுக்குடா இந்தப் புகைக்காரன்னு கேட்டா, நாங்க மெக்கானிக்கல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு பெரும்பாலான புது பைக்கில் பழைய மாதிரி கார்புரேட்டர் கிடையாது. காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்பதை சென்சாரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் தங்களுக்குள்ளேயே பேசி முடிச்சுக்குதுங்க. அந்தக் கலவையைக் காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து, கையால் திருகிப் பார்க்கணும்னா இந்த மாதிரி என்ஜின்தான் கதி.

அந்தத் திருகல்லதான் நாங்க மாட்டினோம்.

"புகை வந்துச்சுங்களா தம்பி?"

செத்துப்போன என்ஜினைப் பையில் போட்டுக்கொண்டு, எங்க ஏரியா டூவீலர் மெக்கானிக் அண்ணன் கிட்டே போனோம். இந்தச் சைஸ் என்ஜினை அவர் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் காட்டினார். பிஸ்டன் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் பக்கமாக, பூனை பிறாண்டின மாதிரி நீளநீளமாகக் கோடுகள்.

"ஓடறப்ப புகை வந்துச்சுங்களா தம்பி?"

"இல்லண்ணா. புகையே இல்லாம, சும்மா க்ளீனா ஓடுச்சு!" நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதுதானுங்க கெட்டுது. டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்துவாங்கல்ல, பார்த்திருக்கீங்களா? இதுவும் அதே டூ-ஸ்ட்ரோக் கதைதானுங்க. உள்ள வர்ற பெட்ரோலைக் குறைச்சீங்கன்னா, ஆயிலும் சேர்ந்துதான் குறையும்."

முதல் செமஸ்டரிலேயே படித்ததுதான். ஆனாலும் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

இந்த என்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. நைட்ரோ ஃப்யூயல் என்பது மூணு பொருளோட கலவை. பெரும்பகுதி மெத்தனால். அப்புறம் நைட்ரோமீத்தேன், கார் ஃப்யூயலில் 20, 25 சதவீதம் சகஜம். மிச்சம் விளக்கெண்ணெய், சிந்தெடிக் ஆயில், அல்லது இரண்டும். (ஆமாம், பாட்டி வைத்திருக்கும் அதே ஆமணக்கு வம்சம்தான். ஓடி முடித்த காரிலிருந்து வரும் அந்த வாசனைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.) எக்ஸாஸ்டில் நீலமாக வரும் புகை, அந்த ஆயில் உள்ளே போய் வேலை பார்த்துவிட்டு வெளியே வருகிறது என்பதற்கு அத்தாட்சி. புகை இல்லை என்றால் 'க்ளீன்' என்று அர்த்தம் இல்லை. வறட்சி!

இதுல இன்னொரு கொடுமை. கலவையில் ஃப்யூயல் தூக்கலா இருந்தா ரிச், காற்று தூக்கலா இருந்தா லீன். ரிச்சிலிருந்து லீன் பக்கம் போகப் போக என்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். எங்கே நிறுத்தணும்னு அது சொல்லாது. எல்லை தாண்டின பிறகும் கொஞ்ச நேரம் சூப்பராகவே ஓடும். சூடு ஏறும், ஆயில் குறையும், சத்தம் மட்டும் இனிக்கும். புதுசா ட்யூன் பண்றவன் கிட்டே 'இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு'ன்னு அதுவே கேட்கிற மாதிரி இருக்கும். கேட்டோம். பண்ணினோம்.

உண்மையில் அன்றைக்கு நாங்கள் ஒரு திருகுகூடத் திருகவில்லை. திருகியது அதற்கு முந்தின நாள்.

ஊட்டி பண்ணின வேலை

எங்க மூணு பேரில் ஒருத்தனுக்கு சொந்த ஊர் ஊட்டி. சனி, ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனபோது காரையும் தூக்கிக்கொண்டு போனோம். கோவையில் நன்றாக ஓடிய கார், அங்கே ஒரே மக்கர். குபுகுபுன்னு புகை, 'கொளகொள'ன்னு சத்தம், த்ராட்டில் கொடுத்தா நகரவே அழுதது. மெயின் நீடிலை மூணு 'மணி' உள்ளே திருகினோம் ('மணி' என்ன என்பதை அப்புறம் சொல்றேன்). பிய்ச்சுக்கிட்டு ஓடுச்சு. ஞாயிறு இரவு மலையிறங்கி, திங்கட்கிழமை அப்படியே கிரவுண்டுக்கு எடுத்துப் போனோம். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்.

கணக்கு என்னன்னா, ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவை 400 சொச்சம். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் அதே கொள்ளளவு காற்றில் ஆக்ஸிஜனும் குறைவு. 'ஆனா ஊட்டி குளிராச்சே, குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகமாச்சே'ன்னு எங்க க்ளாஸ் டாப்பர் மடக்கினான். நியாயமான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கோவையில் 32 டிகிரி செல்ஷியஸ், ஊட்டியில் 15 என்று வைத்துக்கொண்டாலும், ஊட்டிக் காற்றின் அடர்த்தி கோவையைவிட சுமார் 15 சதவீதம் குறைவாகத்தான் வருகிறது. குளிர் கொடுப்பதைவிட மலை பிடுங்கிக்கொள்வது அதிகம். ஆக, கோவையில் சரியாக இருந்த செட்டிங் ஊட்டியில் ரிச். ஊட்டியில் சரியாக இருந்த செட்டிங் கோவையில் லீன்.

நம்ம ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது இதையெல்லாம் தானாகவே சரி பண்ணிக்கொள்ளும். நைட்ரோ காருக்கு அந்தக் கம்ப்யூட்டர் நாமதான்!

உயரம் மாறாவிட்டாலும் இதே கதை உண்டு. விடியற்காலையில் ட்யூன் பண்ணினதை உச்சி வெயிலில் ஓட்டினால் கொஞ்சம் ரிச்சாகத் தெரியும். அது பரவாயில்லை, கார் சோம்பேறியாகும், அவ்வளவுதான். உச்சி வெயிலில் பண்ணின செட்டிங்கை மறுநாள் குளிர்ந்த காலையில் அப்படியே ஓட்டுவதுதான் வம்பு.

நெருப்புப் பொறி இல்லாத ப்ளக்

ட்யூனிங்குக்குப் போகும் முன்னாடி, 'பெட்ரோல் ஊத்தினா ஓடாதா?' என்று ஹாஸ்டலில் குறைந்தது இருபது பேர் கேட்ட கேள்விக்குப் பதில். ஓடாது!

இதில் இருப்பது ஸ்பார்க் ப்ளக் இல்லை, க்ளோ ப்ளக். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு குட்டிச் சுருள் கம்பி. ஸ்டார்ட் பண்ணும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரியை மாட்டினால் அது தணல் மாதிரி சிவக்கும். என்ஜின் பற்றிக்கொண்டதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். அப்புறமும் கம்பி சிவந்தே இருக்கும். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டதும் நடக்கும் ரசாயன வினை, கம்ப்ரஷன் சூடு, முந்தைய வெடிப்பின் மிச்சச் சூடு... எல்லாம் சேர்ந்து அதை அணையவிடாது. பெட்ரோலுக்கு பிளாட்டினத்தோடு அந்தக் கெமிஸ்ட்ரி இல்லை. 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டென் இந்த ப்ளக்கை விற்பனைக்குக் கொண்டு வரும் வரை, மாடல் விமானக்காரர்கள் காயிலையும் பேட்டரியையும் விமானத்திலேயே சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

நைட்ரோமீத்தேன் எதுக்கு? அது தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேணும். மெத்தனாலுக்கு ஆறரை கிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7! அதே அளவு காற்றில் அதிக ஃப்யூயலை எரிக்கலாம், அதிக பவர். எங்க காரின் 125 சிசி டேங்க் பத்து நிமிஷத்துக்குள் காலியாவதும் அதனால்தான். பர்ஸ் காலியாவதும்!

மூணு திருகு, ஒரு கடிகாரம்

புது பிஸ்டன், ஸ்லீவ் செட் வாங்க மறுபடியும் மூணு பேர் பாக்கெட் மணி. அந்த மாசம் கேன்டீன் பக்கமே போகலை. இந்த முறை மேனுவலை முழுசாகப் படித்தோம்.

உள்ளே ஸ்லீவ் பித்தளை, அதன் மேல் குரோமியம் பூச்சு, பிஸ்டன் அலுமினியம். ஸ்லீவ் மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும். புது என்ஜினில் கீச்சென்று சத்தம்கூட வரும். ஓடிச் சூடானதும் ஸ்லீவ் விரிந்து, சரியான இடைவெளி வரும். எங்க பழைய என்ஜின் வழவழன்னு சுத்தினது ஏன் கெட்ட சகுனம் என்று இப்போ புரியுதா? அந்த இறுக்கம்தான் கம்ப்ரஷன். தேய்ந்துபோனால் ஸ்டார்ட்டே ஆகாது.

அதனால் புது செட்டை ஆரம்பத்திலேயே விரட்டக் கூடாது. ஒரு ஹேர் டிரையர் கடன் வாங்கி (யாருடையது என்று கேட்காதீர்கள்) ஹெட்டைச் சூடாக்கிவிட்டுத்தான் கயிற்றை இழுத்தோம். நல்ல ரிச் செட்டிங். ரெண்டு நிமிஷம் ஓட்டு, நிறுத்து, ஆறவிடு. மறுபடியும். இப்படியே அஞ்சு டேங்க். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் ஃப்ளைவீலைத் திருப்பி பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்கணும். மேலேயே விட்டால், ஆறும்போது ஸ்லீவ் சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். எந்த இடம் 'கீழே' என்று தெரிய ஃப்ளைவீலில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. (ஹேர் டிரையர் கொடுத்த அதே புண்ணியவதி உபயம்.) அஞ்சு டேங்க் என்பது ஒரு முழு நாள். பொறுமை இல்லாதவர்கள் பேட்டரி கார் வாங்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

இப்போ மெயின் மேட்டர். கார்புரேட்டரில் மூணு திருகு. மெயின் நீடில் என்கிற ஹை ஸ்பீடு நீடில், ஃபுல் த்ராட்டிலில் எவ்வளவு ஃப்யூயல் என்று தீர்மானிக்கும். லோ ஸ்பீடு நீடில், ஐட்லிங்கிலும் கிளம்பும்போதும் எவ்வளவு என்று தீர்மானிக்கும். மூணாவதான ஐடில் ஸ்க்ரூவுக்கு ஃப்யூயலோடு நேரடி சம்பந்தமே இல்லை. த்ராட்டில் மூடும்போது கொஞ்சம் சந்து விட்டுவைக்கும் கதவுக் கட்டை மாதிரி அது.

நீடிலை வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் திருகினால் ரிச். தலையில் இருக்கும் வெட்டைக் கடிகார முள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 12-லிருந்து 1-க்குத் திருப்பினால் அது ஒரு 'மணி'. ஒரு தடவைக்கு ஒரு மணி, அதற்கு மேல் கிடையாது. திருகியதும் கார் ரெண்டு ரவுண்டு ஓடணும், அப்புறம்தான் அடுத்த முடிவு. நாங்க முதல் மாசம் பண்ணினது என்ன தெரியுமா? ஒருத்தன் ஒண்ணைத் திருக, இன்னொருத்தன் இன்னொண்ணைத் திருக, மூணாவது ஆள் 'எனக்கென்னமோ இதுதான்னு தோணுது'ன்னு மூணாவதைத் திருக... எது எதைக் கெடுத்ததுன்னு கடவுளுக்கே தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் ஒருத்தர் கையில்தான் இருக்கணும்!

தோசைக்கல் டெஸ்ட்

முதலில் மேனுவலில் சொன்ன ஃபேக்டரி செட்டிங்குக்கு எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை நாலைந்து ரவுண்டு ஓட்டுங்கள். ஆறின என்ஜினை ட்யூன் பண்ணுவது, தூங்கி எழுந்தவனைப் பாடச் சொல்வது மாதிரி.

மெயின் நீடில் முதலில். நீளமான ஒரு இடத்தில் ஃபுல் த்ராட்டில். பின்னால் நீலப் புகை கோடு போடணும். புகை மண்டி, சத்தம் 'கொளகொள'ன்னு திக்கித் திக்கி வந்தால் ரிச். ஒரு மணி உள்ளே. மறுபடியும் ஓட்டம். சத்தம் தெளிவாகி, வேகம் வந்து, புகை மட்டும் மெலிதாக விடாமல் வரும் ஒரு இடம் கிடைக்கும். அங்கே நிறுத்தி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு மணி வெளியே திருகுங்கள். ஆமாம், வேகம் ஒரு துளி குறையும். அந்த ஒரு துளி வேகத்துக்காகத்தான் நாங்க ஒரு என்ஜினையே விலையாகக் கொடுத்தோம்.

சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் க்ளோ ப்ளக் பக்கத்தில் பார்க்கலாம். 200 முதல் 260 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 93 முதல் 127 டிகிரி செல்ஷியஸ் வரை பெரும்பாலும் ஓகே. கருவி இல்லையா? அம்மா தோசைக்கல்லில் பண்ணுவதையே பண்ணுங்கள். ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணி. விட்டதுமே 'சொய்ங்'னு ஆவியானால் ஓவர் சூடு; உடனே ரிச் பண்ணுங்கள். மூணு நாலு விநாடி கொதித்துக் காய்ந்தால் நல்லது. அப்படியே உட்கார்ந்திருந்தால் என்ஜின் இன்னும் குளிர்ச்சி. ஆனால் நம்பர் மேல் மட்டும் பைத்தியமாக வேண்டாம். வெயில், ஹெட் டிசைன், தெர்மாமீட்டரைப் பிடிக்கும் கோணம் எல்லாம் அதை மாற்றும். புகை, சத்தம், சூடு மூணும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

அடுத்து லோ ஸ்பீடு நீடில். ஒரு பத்து விநாடி ஐட்லிங்கில் விட்டு, பட்டென்று த்ராட்டில் கொடுங்கள். புகையைக் கக்கி, தண்ணி குடித்த மாதிரித் தடுமாறிக் கிளம்பினால் ரிச். புகையே இல்லாமல் 'பக்'கென்று அணைந்தால் லீன். சந்தேகமா? ஐட்லிங்கில் இருக்கும்போது ஃப்யூயல் ட்யூபை கார்புரேட்டர் பக்கத்தில் விரலால் நசுக்கிப் பிடியுங்கள். ரெண்டு மூணு விநாடியில் சத்தம் லேசாக ஏறி அணைந்தால் சரி. ரொம்ப நேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச். பிடித்ததுமே அணைந்தால் லீன்.

கடைசியில்தான் ஐடில் ஸ்க்ரூ. இங்கேதான் பிகினர்ஸ் எல்லாரும் சறுக்குவது. ஐட்லிங்கில் என்ஜின் அணைகிறது, உடனே ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டுவோம். அப்போதைக்கு அணையாது. ஆனால் கிளட்ச் பிடித்துக்கொண்டு கார் தானாக ஊர ஆரம்பிக்கும். நிஜக் காரணமான லோ ஸ்பீடு நீடில் அப்படியே தப்பாக இருக்கும். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. (இன்டர்னல் மார்க்குக்காக நாம போடுற கதை மாதிரியே!) எல்லாம் முடிந்ததும் மறுபடியும் மெயின் நீடிலை ஒருமுறை சரிபாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்று லேசாக நகரும்.

எப்படித் திருகினாலும் செட்டிங் நிற்கவில்லையா? காலையில் சரி, மதியம் தப்பு, ஒரே ரவுண்டில் ரெண்டு விதமாக ஓடுகிறதா? நீடிலை விடுங்கள். எங்கேயோ காற்று ஒழுகுகிறது. ஃப்யூயல் ட்யூபில் ஊசி முனை ஓட்டை, கார்புரேட்டர் அடியில் இருக்கும் ரப்பர் வளையம், பின்பக்க மூடியின் கேஸ்கெட், டேங்குக்கு சைலன்சரிலிருந்து அழுத்தம் கொண்டு வரும் ட்யூப்... வரிசையாகப் பாருங்கள். நாங்க பத்து நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது, பத்து ரூபாய் பெறாத ஒரு ட்யூப் விரிசலுக்காக.

இன்னொண்ணு. ஃப்யூயல் அதிகமாக இறங்கி என்ஜின் மூழ்கிவிட்டால் கயிறு இழுக்க வராது. அதோடு மல்யுத்தம் வேண்டாம். கயிறு அறும், இல்லையென்றால் உள்ளே கனெக்டிங் ராட் வளையும். க்ளோ ப்ளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, நாலு இழுப்பு இழுத்தால் ஃப்யூயல் வெளியே வந்துவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு!

விளையாட்டு இல்லை

இந்த ஒரு இடத்தில் மட்டும் சீரியஸ். மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். 10 மில்லி அளவுகூடக் கண் பார்வையைப் பறித்துவிடலாம். பைக்கில் வாய் வைத்து பெட்ரோல் உறிஞ்சி எடுக்கும் வீரர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே காட்டவே கூடாது. தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால் கையுறை போடுங்கள். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை கண்ணுக்கே தெரியாது. ஹாஸ்டல் ரூமில் கட்டிலுக்கு அடியில் கேனை வைக்கும் ஐடியா இருந்தால், கார் வாங்கும் ஐடியாவையே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் லைசென்ஸ் விதிகள் உண்டு. அதனால் வீட்டில் கலக்கிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். எங்க கேன் டிபார்ட்மென்ட் லேப் அலமாரியில், ஸ்டாஃப் கையில் இருக்கும் சாவிக்குள் இருக்கிறது. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மூடியை இறுக்காத ஃப்யூயல் ட்யூனிங்கையும் குழப்பும்.

மூணரை கிலோ எடை 60 கிலோமீட்டர் வேகத்தில் காலில் மோதினால் எலும்பு தாங்காது. ஆள் இல்லாத இடத்தில் ஓட்டுங்கள். சிக்னல் போனால் த்ராட்டிலைத் தானாக மூடும் ஃபெயில்-சேஃப் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். என்ஜினை நிறுத்த ஃப்யூயல் ட்யூபை நசுக்கலாம், ஃப்ளைவீலை ஷூவால் அழுத்தலாம். விரலால் மட்டும் வேண்டாம், விரல் பத்துதான் இருக்கு.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதையும் எரித்துத் தீர்த்துவிட்டு, நாலு சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டுச் சுற்றி வையுங்கள். ஈரம் தங்கினால் பேரிங் துருப்பிடிக்கும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை அலசி, எண்ணெய் தடவி மாட்டுங்கள். காலேஜ் கிரவுண்ட் மண் உள்ளே போனால், லீன் செட்டிங் ஒரு மாசத்தில் பண்ணுவதை அது ஒரே வாரத்தில் பண்ணிவிடும்.

இப்போ கார் நல்லா ஓடுது. பழையபடி ராக்கெட் வேகம் இல்லை. பின்னாடி நீலமா ஒரு வால் விட்டுக்கொண்டே போகுது. போன வாரம் ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, இவ்ளோ புகை வருதே... இன்னும் கொஞ்சம் டைட் பண்ணா சூப்பரா போகுமில்ல?" பையிலிருந்து பழைய பிஸ்டனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் பேசாமல் திருப்பிக் கொடுத்தான்.

லீவுக்கு மறுபடியும் ஊட்டி போறோம். ரிமோட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கிறோம். 'மேலே: 3 மணி உள்ளே. கீழே: 3 மணி வெளியே. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி!!!'